எல்லாக் குட்டிக்கும் ஒரே அப்பா வேண்டாம்

கண்காட்சியில் கோப்பை வாங்கிய அந்த ஆண் நாயிடமே இந்த வருடமும் உங்கள் பெட்டையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அது நல்ல நாய்தான், மறுக்கவில்லை. பார்க்க லட்சணம், நடையில் குறையில்லை, யாரையும் கடித்ததாகப் பேச்சில்லை. ஆனால் போதும் போதும் என்கிற அளவுக்கு அது அப்பாவாகிவிட்டது. இன்னும் இரண்டு தலைமுறை இப்படியே போனால், அதன் பேரப்பிள்ளைகளுக்கு அதன் ரத்தம் ஓடாத துணை கிடைப்பதே அரிது. கோப்பை எதுவும் வாங்காத, நிறத்தில் எடுப்பில்லாத, எட்டு வயதிலும் தடுப்பூசிக்கு மட்டும் மருத்துவரிடம் போய்வரும் வேறொரு ஆண் நாய் எங்கோ ஒரு வீட்டில் சும்மா படுத்திருக்கும். அதைத் தேடிப் போங்கள்.

யூரேசியர் என்ற நாய்க்காக இதை அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜெர்மனியில் உருவான இனம் இது. நாய் இனங்களின் கணக்கில் நேற்றுப் பிறந்தது என்றே சொல்லலாம். எழுபது வயது மனிதர் ஒருவர் இதன் தொடக்கத்தைத் தன் சிறுவயதில் பார்த்திருக்க முடியும். நிமிர்ந்த காது, முதுகின் மேல் சுருண்டு விழும் வால், அடர்ந்த இரட்டை ரோமம். ஆண் நாய் 52 முதல் 60 செ.மீ. உயரம், எடை 32 கிலோவைத் தாண்டக் கூடாது. பெட்டை கொஞ்சம் சிறியது. சிலவற்றுக்கு நாக்கு கருநீலம், சிலவற்றுக்கு இளஞ்சிவப்பு, சிலவற்றுக்கு இரண்டும் கலந்த திட்டுத் திட்டு. இதை யாரும் வேட்டைக்கு வளர்க்கவில்லை, மந்தைக்கு வளர்க்கவில்லை, கோட்டையைக் காக்கவும் வளர்க்கவில்லை. வீட்டு மனிதர்களோடு கூட இருப்பதற்கென்றே உருவாக்கிய நாய். அந்நியரிடம் ஒட்டாது, ஆனால் பாயவும் செய்யாது. காரணமில்லாமல் குரைக்காது. தன் வீட்டாரை விட்டுத் தனியே கூண்டில் அடைத்தால் வாடிப்போகும். இந்தக் குணத்துக்காகத்தான் மக்கள் இதைக் கேட்கிறார்கள். இந்தக் குணத்தைத்தான் நாம் இழக்கவும் கூடும்.

1960இல் வைன்ஹைம் என்ற ஊரில் யூலியுஸ் விப்ஃபெல் என்பவர் இந்த வேலையைத் தொடங்கினார். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரென்ஸின் நாய்கள் பற்றிய புத்தகம் அவரை உசுப்பியது. ஷார்லோட் பால்டாமுஸ் போன்றவர்கள் கூடச் சேர்ந்தார்கள். சீனாவிலிருந்து வந்த சௌசௌவையும் ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பிட்ஸையும் சேர்த்தார்கள். பிறந்தவற்றை முதலில் வுல்ஃப்-சௌ என்றே அழைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் போனது. தொடங்கியது சில நாய்களிலிருந்துதான் என்பதால் உறவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வர வேண்டியதாயிற்று. 1972இல் அவர்கள் சைபீரியாவின் சமோயெட் நாயையும் உள்ளே கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு, 1973இல், எஃப்.சி.ஐ. எனப்படும் சர்வதேச நாய் வளர்ப்புக் கூட்டமைப்பு இதைத் தனி இனமாக ஏற்றது. யூரேசியர் என்ற பெயரும் அப்போது வந்ததுதான். பின்னாளில் லோரென்ஸே ஒரு யூரேசியரை வளர்த்தார்.

விப்ஃபெல் செய்ததைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பத்து வருட உழைப்பு கையில் இருக்கிறது. நாய்கள் பார்க்க ஒன்றுபோல ஆகிக்கொண்டு வருகின்றன. அங்கீகாரம் வாசலில் நிற்கிறது. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் கதவைச் சாத்திவிட்டு, இனி இதுதான் தூய இனம் என்று சொல்லத் தோன்றும். அவர் கதவைத் திறந்தார். வெள்ளை வெளேரென்ற சமோயெட்டால் நிறம் குழம்பலாம், உருவம் மாறலாம் என்று தெரிந்தே திறந்தார். இன்றைக்குத் தூய்மை, தூய்மை என்று பதிவேட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் படத்தையும் சுவரில் மாட்டிவைத்திருப்பவர்கள், அவரைப் பின்பற்றுகிறோம் என்று சொல்ல வேண்டாம்.

சரி, ஒரே அப்பா என்றால் என்ன கெடுதல்? கணக்கு எளிது. ஒரே அப்பாவுக்கு வெவ்வேறு அம்மாக்களிடம் பிறந்த இரண்டு நாய்களைச் சேர்த்தால், பிறக்கும் குட்டியின் மரபணுக்களில் எந்த ஒரு இடத்தை எடுத்தாலும் அங்கே இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க 12.5 விழுக்காடு வாய்ப்பு. கூடப் பிறந்த அண்ணன் தங்கையைச் சேர்த்தால் 25. பழுதான மரபணு ஒற்றைப் பிரதியாக இருக்கும்வரை பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். இரண்டாகச் சேரும்போதுதான் நோயாக எழுந்து நிற்கும். மனிதனோ நாயோ, பழுது இல்லாத உயிர் இல்லை. கோப்பை வாங்கிய நாயிடமும் சில இருக்கும். அது நாற்பது ஈற்றுக்கு அப்பாவானால், அதன் உறங்கும் பழுதும் நாற்பது வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். சில வருடம் கழித்து எங்கோ ஒரு குட்டியிடம் அது வெளிப்படும்போது, இனம் முழுவதிலும் அது பரவி முடிந்திருக்கும். அதுவரை யாருக்கும் தெரியாது. அந்த நாய்க்கும் தெரியாது, பாவம்.

எஃப்.சி.ஐ. தன் இனப்பெருக்க வழிகாட்டியில் இதற்கு ஓர் அளவு சொல்லியிருக்கிறது: ஐந்தாண்டுகளில் ஓர் இனத்தில் பதிவாகும் குட்டிகளில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் ஒரே நாயின் குட்டிகள் இருக்கக் கூடாது. ஐந்தாண்டில் ஆயிரம் குட்டி பிறந்தால் ஐம்பது, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். என் கருத்தில் யூரேசியர் போன்ற சிறிய கூட்டத்துக்கு அந்த ஐந்தும் அதிகம். ஊற்று சேராத கிணற்றில் எல்லாரும் ஒரே பக்கத்தில் இறைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும். ஆண் நாய் வைத்திருப்பவர்களே, உங்களிடம் கேட்டு வருபவரிடம், 'இவனுக்குப் போதும், இவன் தம்பியைப் பாருங்கள். அவனும் வேண்டாம், வேறு வழியில் வந்த ஒருவனைப் பாருங்கள்' என்று சொல்லும் துணிச்சல் உங்களுக்கு வேண்டும். சேர்க்கைக் கட்டணம் கைவிட்டுப் போகும், தெரியும். போகட்டும்.

அப்படிப் பழுது இரண்டாகச் சேர்ந்த ஒரு யூரேசியர் குட்டியைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நான்கு வாரம் ஆகிறது. ஐந்து குட்டிகளில் நான்கு எழுந்து ஓடி ஒன்றின் காதை ஒன்று கடித்து உருளத் தொடங்கிவிட்டன. ஐந்தாவதும் எழ முயல்கிறது. பின்னங்கால்கள் இரண்டும் அகன்று வழுக்குகின்றன. தலை மெல்ல ஆடுகிறது. கிண்ணத்தைப் பார்த்து இரண்டடி வைத்துப் பக்கவாட்டில் சரிகிறது. திரும்ப எழுகிறது, வாலை ஆட்டுகிறது, மறுபடி சரிகிறது. பசி இருக்கிறது, விளையாட ஆசை இருக்கிறது, உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் சிறுமூளைதான் சரியாக வளரவில்லை. பெரும்பாலும் இது நாளுக்கு நாள் மோசமாவதில்லை, குணமாகிவிடுவதும் இல்லை. சில குட்டிகளுக்கு வலிப்பும் வரும்.

இதற்குக் காரணமான மரபணுப் பழுதை 2015இல் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். மரபணு எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அதற்குச் சோதனை இருக்கிறது. வாயின் உட்புறத்தில் ஒரு குச்சியைத் தேய்த்து அனுப்பினால் பதில் வந்துவிடும். பழுதை ஒற்றைப் பிரதியாகச் சுமக்கும் இரண்டு நாய்களைச் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டிக்கு நோய் வர வாய்ப்பு. சுமக்கும் நாயையும் சுமக்காத நாயையும் சேர்த்தால் ஒரு குட்டிக்கும் இந்த நோய் வராது. இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு, சோதனை செய்யாமல் சேர்க்கைக்கு விடுவதை அறியாமை என்று சொல்ல மாட்டேன். குற்றம் என்றே சொல்வேன்.

இதிலேயே இன்னொரு தவறும் நடக்கிறது, நல்லெண்ணத்தோடு நடக்கிறது. 'இந்த நாய் பழுதைச் சுமக்கிறது' என்று தாளில் வந்தவுடன் அதை வம்சத்திலிருந்தே வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள். பெரிய இனத்தில் அப்படிச் செய்தால் தாங்கும். சிறிய கூட்டத்தில் ஒவ்வொரு நாயை விலக்கும்போதும் அந்த ஒரு பழுதோடு ஆயிரம் நல்லதும் வெளியே போகிறது, திரும்பி வராது. சுமக்காத துணையோடு சேருங்கள், குட்டிகளைச் சோதியுங்கள், அடுத்த தலைமுறையில் சுமக்காத குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பொறுமையாக, ஒரு நல்ல நாயையும் இழக்காமல் பழுதை வடிகட்டும் வழி அதுதான். சுமப்பது நாயின் மானக்கேடு அல்ல. அதைத் தாளில் மறைத்துச் சுமக்கவில்லை என்று விற்பதுதான் மானக்கேடு, அது மனிதனுடையது.

சோதனைக் குச்சியில் சிக்காத நோய்களும் யூரேசியரிடம் உண்டு. கணையம் செரிமான நீரைச் சுரக்காமல் போவது ஒன்று. அந்த நாய் பசி பசி என்று தின்னும். தின்னத் தின்ன இளைக்கும். எண்ணெய் மினுங்கும் சாணிபோலக் கும்பல் கும்பலாகப் போகும். விலா எலும்பு ரோமத்துக்குள்ளேயும் கைக்குத் தட்டுப்படும். பிறகு ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் நொதித் தூளைக் கலந்துதான் போட வேண்டும், ஆயுள் முழுக்க. யூரேசியரில் இது குடும்ப வழியாக வருவதை டென்மார்க் ஆய்வாளர்கள் 2007இல் எழுதி, எப்படிச் சேர்க்கை செய்ய வேண்டும் என்று பரிந்துரையும் தந்தார்கள். தைராய்டு சுரப்பியை உடம்பே தாக்கி அழிப்பது இன்னொன்று. முழங்கால் சில்லு விலகுவது, இடுப்பு மூட்டுத் தேய்வு, இமை உள்நோக்கி மடங்கிக் கண்ணை உரசுவது எல்லாமும் உண்டு. தைராய்டு கோளாறு பல நாய்களிடம் நடுவயதில்தான் தலைகாட்டும். அதற்குள் இரண்டு வயது இளம் ஆண் நாயை அவசரமாக விட்டவர் மூன்று நான்கு ஈற்று எடுத்து முடித்திருப்பார்.

ஆகவே ஆண் நாய் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பெட்டைக்குத்தான் வயது ஒரு தடை. ஆண் நாய் ஆறு, ஏழு வயதிலும் அப்பாவாகலாம். அதற்குள் அதன் உடம்பு தன் கதையைச் சொல்லியிருக்கும்; அதன் அம்மா அப்பாவின் முதுமையையும் பார்த்திருப்போம். வயதான, திடமான ஆண் நாயின் ஓர் ஈற்று, இளம் சாம்பியனின் நான்கு ஈற்றைவிட இந்த இனத்துக்கு நல்லது.

மறைப்பதைப் பற்றிப் பேசாமல் இதையெல்லாம் பேசிப் பயனில்லை. குட்டிக்கு வலிப்பு வந்தது என்று வாங்கியவர் தொலைபேசியில் சொல்கிறார். 'எங்கேயாவது விழுந்திருக்கும்' என்கிறார் விற்றவர். இன்னொருவருடைய நாய்க்குத் தைராய்டு. 'சாப்பாடு சரியில்லை, மாற்றிப் பாருங்கள்' என்கிறார் இவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். ஏன் மறைக்கிறார்கள் என்பதும் தெரிந்ததுதான்: சொன்னால் கென்னலின் பெயர் கெடும், சங்கத்தில் முகம் சுளிப்பார்கள், அடுத்த ஈற்றுக்குக் காத்திருப்பவர்கள் கலைந்துவிடுவார்கள். சொன்னவரைத் தூற்றும் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் பழியில் பாதி கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் உண்டு. தன் ஈற்றில் நோய் வந்ததைத் தானாகவே எழுதிக் கொடுக்கும் ப்ரீடரைச் சங்கக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார வையுங்கள். இவரிடம்தான் குட்டி வாங்க வேண்டும் என்று வருபவர்களிடம் சொல்லுங்கள். நோயே வராத கென்னல் என்று மார்தட்டுபவரிடம் மட்டும் வாங்காதீர்கள். ஒன்று அவர் பார்க்கவில்லை, அல்லது பார்த்ததைச் சொல்லவில்லை.

ஜெர்மனியிலேயே இந்த இனத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. பழைய பிணக்குகள், தனித்தனிப் பதிவேடுகள். மனிதர்களின் சண்டை மனிதர்களோடு இருக்கட்டும். ஒரு சங்கத்து நாயின் தாத்தா இன்னொரு சங்கத்தில் நோயால் செத்த விவரம் இந்தப் பக்கம் வராமல் போனால் அடிபடுவது குட்டி. பதிவேடுகளை ஒரே தளத்தில் வைத்து, எல்லா நாட்டிலும் இந்த நாயை வளர்ப்பவர்கள் பார்க்கும்படி திறந்துவையுங்கள். அதற்குத் தலைவர் யார், செயலாளர் யார் என்ற பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

காத்திருந்தால் என்ன ஆகும் என்று பார்க்கத் தூரம் போக வேண்டியதில்லை. அதே ஜெர்மனியில் குரோம்ஃபோர்லாண்டர் என்றொரு வீட்டு நாய். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, சீகன் நகரப் பக்கம் இல்ஸெ ஷ்லைஃபென்பௌம் என்ற பெண்மணி ஏறக்குறைய ஒரே ஒரு சோடியிலிருந்து அந்த இனத்தை எழுப்பினார். 1955இல் அங்கீகாரம் வந்தது. அன்பான, சுறுசுறுப்பான நாய். ஆனால் ஒரு சோடியில் என்ன இருக்கிறதோ அதுதான் முதல். அந்த நாய்களில் சிலவற்றுக்குக் குட்டிப் பருவத்திலேயே உள்ளங்கால் மெத்தைகள் தடித்துக் கெட்டியாகி வெடிக்கும், நடந்தால் நொண்டும். அதற்கான மரபணுவை 2014இல் கண்டுபிடித்தார்கள். கடைசியில், பல பத்தாண்டுகள் போன பிறகு, டேனிஷ்-ஸ்வீடிஷ் பண்ணை நாயைச் சேர்த்துப் புது ரத்தம் கொண்டுவரும் வேலை தொடங்கியது. நல்ல வேலைதான். முன்பே தொடங்கியிருந்தால் எத்தனை நாய்கள் நொண்டாமல் நடந்திருக்கும்!

டால்மேஷியன் கதை இன்னும் கசப்பானது. புள்ளி போட்ட அந்த அழகு நாயின் உடம்பில் யூரிக் அமிலம் அளவுக்கு மீறிச் சேரும். நெடுங்காலம் இனம் முழுவதற்கும் அந்தக் கோளாறு இருந்தது. நல்ல பிரதி கொண்ட ஒரு நாய்கூட உள்ளே மிச்சமிருக்கவில்லை. ஆண் நாய்க்கு மூத்திரப் பாதையில் கல் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. 1973இல் அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரே ஒரு முறை பாயின்டர் நாயைச் சேர்த்தார். பிறகு அந்த வழியில் வந்த நாய்களைத் தொடர்ந்து டால்மேஷியனோடு மட்டுமே சேர்த்துவந்தார். புள்ளி இருந்தது, உருவம் இருந்தது, கல் மட்டும் இல்லை. 1981இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அவற்றில் இரண்டைப் பதிவு செய்தது. டால்மேஷியன் ப்ரீடர்கள் கொதித்தெழுந்தார்கள், பதிவு நிறுத்தப்பட்டது. மறுபடி ஏற்றுக்கொண்டது 2011இல். முப்பது வருடம்! பத்துத் தலைமுறை இப்படித் திரும்பத் திரும்பச் சேர்த்தால் பாயின்டரின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இராது. அந்த ஆயிரத்தில் ஒன்றுக்காக முப்பது வருடம் வீம்பு பிடித்தார்கள். நாய்கள் கத்தியின் கீழ் போய்க்கொண்டிருந்தன. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

நாமாகச் செய்யாவிட்டால் நீதிமன்றம் செய்யவைக்கும். நார்வேயில் விலங்கு நலச் சங்கம் தொடுத்த வழக்கில் கவாலியர் நாய், இங்கிலீஷ் புல்டாக் இரண்டின் இனப்பெருக்கமும் விலங்கு நலச் சட்டத்துக்கு மாறானது என்று 2022 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் புல்டாக் தப்பியது, கவாலியர் தப்பவில்லை. 2023இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும், பிறக்கும் உயிருக்கு வேதனை வரும் என்று தெரிந்தே இனப்பெருக்கம் செய்வதற்குத் தடை இருக்கிறது. யூரேசியர் அந்த வாசலில் இன்று நிற்கவில்லை. நிற்காமலே பார்த்துக்கொள்ள இப்போது முடியும். கவாலியர் நிலைக்கு வந்த பிறகு முடியாது.

அதனால் வெளி ரத்தம் சேர்ப்பதைப் பற்றிய பேச்சை ஒத்திப்போடாதீர்கள். ஆளுக்கு ஆள் இஷ்டத்துக்கு எதையாவது கலந்து 'புது யூரேசியர்' என்று விற்பதைச் சொல்லவில்லை. அது வேறு வியாபாரம். வுல்ஃப்ஸ்பிட்ஸும் சமோயெட்டும் சௌசௌவும் இன்றும் இருக்கின்றன. அவற்றில் உடலும் குணமும் நல்லதாக, வயதில் முதிர்ந்ததாகச் சில நாய்களைத் தேர்ந்து, சோதித்து, சங்கத்தின் கண் முன்னால், பதிவேட்டில் எழுதி, மூன்று நான்கு தலைமுறை பின்தொடர வேண்டும். முதல் தலைமுறைக் குட்டிகள் கண்காட்சிக்கு லாயக்கில்லாத முகத்தோடு பிறக்கலாம். பிறக்கட்டும். முகம் மூன்று தலைமுறையில் திரும்ப வந்துவிடும்.

கண்காட்சி நடுவர்களுக்கும் ஒரு வார்த்தை. எஃப்.சி.ஐ.யின் 291ஆம் இலக்க இனவரையறையை நீங்கள் படித்திருப்பீர்கள். கழுத்து ரோமம் கொஞ்சம் நீளமாக இருக்கலாம், பிடரிமயிர் ஆகக் கூடாது என்று அதில் இருக்கிறது. உடலின் கட்டு ரோமத்துக்குள் தெரிய வேண்டும். ஆனால் வளையத்துக்குள் வந்து நிற்பதில் எது பஞ்சுப்பொதிபோல் இருக்கிறதோ, எதற்குக் கரடிப் பொம்மை முகமோ, அதைப் பார்த்துதான் பார்வையாளர்கள் கைதட்டுகிறார்கள். கைதட்டலுக்கு நீங்கள் பரிசு கொடுத்தால், அடுத்த வருடம் எல்லாரும் அதைத்தான் கொண்டுவருவார்கள். தலை கனத்து, முகவாய் குட்டையாகி, தோல் தொய்ந்து, இமை மடங்கி, சௌசௌவின் தொல்லைகள் பின்வாசல் வழியாக வந்து சேரும். அடக்கமான ரோமமும் தெளிந்த கண்ணும் சீரான மூச்சும் கொண்ட நாய் கடைசியில் நின்றால் அதை முன்னுக்கு அழைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

குட்டி வாங்குபவர்களே, எல்லாப் பழியையும் ப்ரீடர் மேல் போட்டுவிட்டு நீங்கள் நழுவ முடியாது. 'கறுப்பு வேண்டாம், வெளிர்ப் பொன்னிறம்தான் வேண்டும், நாக்கு நீலமாக இருக்க வேண்டும், அடுத்த மாதம் பிறந்தநாளுக்குள் வேண்டும்' என்று கேட்பது யார்? நீங்கள் கேட்பதைத்தான் சந்தை பெற்றுப் போடும். இந்த இனத்தில் தூய வெள்ளை, வெள்ளைத் திட்டு, ஈரல் நிறம் தவிர மற்ற எல்லா நிறமும் ஒப்புக்கொண்டவைதான். அவ்வளவு தாராளமான இனத்தில் போய் ஒரே நிறத்தைத் துரத்துவது, இருக்கிற சில அப்பாக்களையும் பாதியாகக் குறைக்கும் வேலை. நிறத்தை விடுங்கள். தாயைப் பாருங்கள்: அது உங்களைக் கண்டு ஒதுங்கி நின்று அளந்து, பிறகு மெல்ல வந்து முகர்ந்தால் நல்லது, மூலையில் நடுங்கினால் வாங்காதீர்கள். குட்டிகள் வீட்டுக் கூடத்தில் வளர்கின்றனவா, பின்கட்டுக் கொட்டகையிலா என்று பாருங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை பார்த்ததும் கேட்டதும் இந்த நாயின் குணத்தைப் பெருமளவு வடிவமைக்கும். பாத்திரம் விழும் சத்தம், குழந்தையின் அழுகை, வந்துபோகும் விருந்தாளி எதுவும் தெரியாமல் கொட்டகையில் வளர்ந்த யூரேசியர், இயல்பாகவே கூச்சமுள்ள நாய் என்பதால், பயந்த நாயாகவே முடியும். எட்டு வாரத்துக்கு முன் தாயைவிட்டுப் பிரிக்க ஜெர்மன் விதிகள் இடம் தருவதில்லை. அதற்கு முன்பே தருகிறேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

காகிதத்தையும் கேளுங்கள். அம்மா வழியிலும் அப்பா வழியிலும் ஐந்து தலைமுறை வம்சாவளியை வாங்கி இரண்டு பக்கத்திலும் ஒரே பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று பென்சிலால் வட்டமிடுங்கள். வட்டங்கள் கூடினால் பணப்பையைத் திறக்காதீர்கள். காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். ஒரு வருடம் காத்திருக்க முடியாதவர், பன்னிரண்டு வருடம் ஒரு நாயைப் பார்த்துக்கொள்வார் என்று எப்படி நம்புவது?

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இந்தக் கட்டுரையைப் படித்து ஆசைப்பட்டுவிடாதீர்கள். குளிர் நாட்டு நாய்கள் மூன்றின் ரோமத்தைச் சுமக்கும் உடம்பு இது. சென்னையில் ஹஸ்கியை ஏ.சி. அறையில் பூட்டிவைத்து, கரண்ட் போனால் ஈரத் துண்டு போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். அந்த வரிசையில் இன்னொரு நாய் வேண்டாம். அபூர்வ இனம், நாட்டிலேயே முதல் சோடி என்று யாராவது ஆசை காட்டினால், அந்தச் சோடியின் குட்டிகளை யாரோடு சேர்ப்பார்கள் என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். ஐரோப்பாவிலோ கனடாவிலோ குளிர்ந்த ஊரில் இருக்கும் உங்கள் மகனோ தங்கையோ கேட்டால், மேலே சொன்னதையெல்லாம் அவர்களிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே யூரேசியர் வைத்திருப்பவர்களிடம். ப்ரீடர் அல்ல, கண்காட்சிக்குப் போவதில்லை, வீட்டில் ஒரு நாய், அவ்வளவுதான் என்கிறீர்களா? இனத்தின் எதிர்காலத்தில் மிகப் பெரிய பங்கு உங்களுடையதுதான். சேர்க்கைக்குப் போகாத நாய்கள்தான் பெரும்பான்மை. அவற்றுக்கு எந்த வயதில் என்ன வந்தது என்று தெரியாமல் அவற்றின் அண்ணனையும் தங்கையையும் யாரோடு சேர்ப்பது என்று எவராலும் சரியாக முடிவெடுக்க முடியாது. சங்கம் அனுப்பும் உடல்நலப் படிவத்தை மேசை இழுப்பறையில் போட்டுவைக்காதீர்கள். ஒன்றும் வரவில்லை என்றாலும் ஒன்றும் வரவில்லை என்றே எழுதுங்கள், அதுவும் தகவல்தான். உங்கள் ஆண் நாய் ஐந்து வயது தாண்டித் திடமாக இருந்து, இதுவரை யாரும் கேட்டு வரவில்லை என்றால், கருத்தடை அறுவைக்குத் தேதி வாங்குவதற்கு முன் இனப்பெருக்கப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அது தேய்ந்துபோன வழி ஒன்றின் கடைசி ஆண் வாரிசாக இருக்கக்கூடும். நாய் போன வருடம் இறந்திருந்தால், எத்தனை வயதில், எதனால் என்று இரண்டு வரி இன்றே எழுதி அனுப்புங்கள். அதன் கூடப்பிறந்ததற்குத் துணை தேடுகிற ஒருவர் அந்த இரண்டு வரி இல்லாமல்தான் இந்த மாதம் முடிவெடுக்கப் போகிறார்.